அப்பாயி கேட்ட கேள்விக்கு

டிமாரு, நியூசிலாந்து
ஆகஸ்ட் 3

அன்புள்ள அப்பாயிக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? பாப்பா கையெழுத்தில் உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அப்பாயி சொல்லச் சொல்ல அவள் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "பொங்கலுக்கு அப்புறம் உன் எழுத்தையே காணோம்" என்ற இடத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள், பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படுகிறது. தப்பு என்னுடையதுதான். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் பேசினால் அப்பாயிக்குக் காது பிடிபடாது. தோட்டத்து லைன் வீட்டுக்குள் டவரும் கிடையாது. தம்பி ரோட்டுக்கு ஓடி வந்து "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் கட்டாகிவிடுகிறது. காகிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அப்பாயி சொன்னது நியாயம். இனிமேல் மாசம் ஒரு கடிதம் உண்டு.

அப்பாயி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அம்புட்டுத் தூரம் போனியே, வாயடைச்சுப் போற மாதிரி என்னத்தப் பாத்த?"

இதே கேள்வியைச் சின்ன வயதில் நான் உங்களிடம் கேட்டிருக்கிறேன் அப்பாயி. பனி கொட்டுகிற தை மாசத்து ராத்திரியில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். நீங்கள் எப்போதும் ரெண்டு சொல்வீர்கள். ஒன்று, இலங்கையில் இருந்தபோது சிவனொளிபாத மலை உச்சியில் விடியக்காலையில் பார்த்தது. சூரியன் கிளம்பியதும் அந்த மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுந்து, மேகத்து மேலேயே கூடாரம் போட்ட மாதிரி நின்றது என்பீர்கள். இன்னொன்று, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பேர் எழுதி, இந்தியாவுக்கு வரத் தலைமன்னாரில் கப்பல் ஏறின அன்றைக்குப் பார்த்த கடல். கரை மறைந்ததும் தாத்தா அழுததையும், நீங்கள் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றதையும் சொல்வீர்கள். அந்த ரெண்டுக்கும் ஈடாகச் சொல்ல என்னிடமும் இப்போது சில இருக்கின்றன.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பயப்படும். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கூட்டிப்போனார். ஆடு ஏற்றுகிற லாரியை நாற்பது வருஷம் ஓட்டியவர். அவருடைய அக்காவும் கூட வந்தார்கள். விநோதமான மனுஷர். இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டைதான். சூப்பர்மார்க்கெட்டுக்கு வெறுங்காலோடு வருவார், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, இங்கே நிறையப் பேர் அப்படித்தான். வீட்டைப் பூட்டவே மாட்டார். அவர் மரத்து எலுமிச்சையைப் பை நிறைய என் வாசலில் வைத்துவிட்டுப் போவார், நான் ஊறுகாய் போட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் அதை ரொட்டியில் தடவித் தின்கிறார். ஒருநாள் "இந்தத் தீவுக்கு வந்து மலையைப் பார்க்காமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாயே" என்று கோபப்பட்டார். அப்படித்தான் கிளம்பினோம்.

தை மாசம் இங்கே நல்ல வெயில் காலம். ஒன்றரை மணி நேரம் காரில் போனால் டெக்காபோ ஏரி. ஒரு திருப்பத்தில் சட்டென்று தெரிந்தது. அந்த நிறத்தை எப்படிச் சொல்வேன்? அம்மா கல்யாணத்துக்குக் கட்டின மயில்கழுத்துப் பட்டு இருக்கிறதே, அந்த நிறத்தில் ஒரு செம்பு பாலை ஊற்றிக் கலக்கின மாதிரி. இறங்கிக் கையை விட்டுப் பார்த்தேன். விறைத்துப்போகிற சில்லிப்பு, உள்ளே என் விரல் மங்கலாகத் தெரிந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். மேலே மலைகளில் பனிக்கட்டியே ஆறு போல மெல்ல நகர்கிறது, அடியில் இருக்கிற பாறையை அரைத்துக்கொண்டே வருகிறது, அந்தக் கல்மாவு படியாமல் தண்ணீரில் மிதக்கிறது, வெயில் பட்டதும் இந்த நிறம் என்றார் பெரியவர். ஆட்டுக்கல்தான் அப்பாயி! மலை அளவு ஆட்டுக்கல்!

கரையில் 1935இல் கட்டின சின்னக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் வெறும் கண்ணாடி ஜன்னல். அதில் ஏரியும் பனிமலையும்தான் தெரிகின்றன. மேல்லைன் அத்தையிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து அவொராக்கி. வெள்ளைக்காரர் வைத்த பேர் குக் மலை. 3,724 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637, அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டரை அடுக்கினாலும் போதாது. நான் பார்த்தபோது பாதிக்கு மேல் மேகம். ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். மேகம் கொஞ்சம் விலகி உச்சி தெரிந்தபோது, நான் எதிர்பார்த்த உயரத்தை விட ரொம்ப மேலே, வானத்தில் தனியாக இருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு பனியாறு முடிகிற இடத்தில் ஏரி இருக்கிறது, அதில் வீடு வீடாகப் பனிக்கட்டி மிதக்கிறது. 1970 வாக்கில் அங்கே ஏரியே கிடையாதாம், பனி உருகி உருகிப் பின்வாங்கினதில் உண்டானது. அதைச் சொல்லும்போது பெரியவர் முகம் வாடிப்போனது.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் சொல்கிற கதை அப்பாயிக்குப் பிடிக்கும். அவொராக்கி என்பவன் தம்பிமாரோடு வானத்திலிருந்து படகில் வந்தான், படகு பாறையில் தட்டிச் சாய்ந்துவிட்டது, அவர்கள் மேல்பக்கம் ஏறி உட்கார்ந்தார்கள், காற்று உறையவைத்துக் கல்லாக்கிவிட்டது. மூத்தவன்தான் உயரமான மலை. கவிழ்ந்த படகுதான் நான் இருக்கிற இந்தத் தீவு. கேட்டதும் உங்கள் கப்பல் ஞாபகம் வந்தது.

ஆனாலும் வாயடைத்துப்போனது என்றால் அது ஏப்ரலில் பார்த்த மில்ஃபோர்டுதான். ரொம்பத் தூரம். முதல்நாள் ராத்திரி ஓர் ஊரில் தங்கி விடியும் முன்னே கிளம்பினோம். வழியில் ஹோமர் சுரங்கம், 1.2 கிலோமீட்டர். 1935இல் தோண்ட ஆரம்பித்து 1954இல்தான் திறந்தார்கள். பனிச்சரிவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் மலை ரயிலில் 16 சுரங்கம் என்று எண்ணிக்கொண்டு போவோமே, அது மாதிரி இல்லை, உள்ளேயே நல்ல சரிவாகக் கீழே இறங்குகிறது, சுவரெல்லாம் பூசாத பாறை, தண்ணீர் சொட்டுகிறது. சுரங்கத்து வாசலில் கேயா என்று ஒரு பச்சைக் கிளி, கோழி அளவு. கார் கண்ணாடி துடைக்கிற ரப்பரைக் கொத்திப் பிய்க்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டுக் குரங்கெல்லாம் அதனிடம் பாடம் படிக்கவேண்டும்.

சுரங்கம் தாண்டியதும் மழை. மில்ஃபோர்டில் வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கடல் மலைக்கு நடுவே நீளமாக உள்ளே வந்திருக்கிறது, ரெண்டு பக்கமும் கல் சுவர் நேராகத் தண்ணீரிலிருந்து எழும்புகிறது. மழை பெய்தால்தான் அங்கே அழகு. படகு நடுவே போனபோது ரெண்டு சுவரிலும் அருவி. எண்ண முடியவில்லை. நம் கோத்தகிரி கேத்தரின் அருவி போல ஐம்பது, நூறு. மழை நின்றால் சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடுமாம். மேகத்துக்குள்ளிருந்து வெள்ளை நூலாகப் புறப்பட்டு, சில அருவி கீழே வந்து சேர்வதற்குள் காற்றிலேயே தூளாகிப்போனது.

அந்தக் கல் சுவரில் மண்ணே கிடையாது அப்பாயி. பாசியைப் பிடித்துக்கொண்டு மரம் நிற்கிறது. ஒரு மரத்து வேர் இன்னொரு மரத்து வேரைப் பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று பிடியை விட்டால் காடு மொத்தமும் சரிந்து கடலில் விழும். அப்படி விழுந்த இடம் வெறும் பாறைக் கோடாகத் தெரிந்தது. மறுபடி பாசி பிடித்து, சின்னச் செடி வந்து, இன்னும் நூறு வருஷம் ஆகுமோ என்னவோ.

அப்புறம் தண்ணீரைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு. பால் ஊற்றாத தேத்தண்ணி! காட்டு இலையும் மட்கும் ஊறின மழைத்தண்ணீர் அருவியில் வந்து, உப்புத் தண்ணீருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கிறது. அதனால் கீழே வெளிச்சம் போவதில்லை. ஆழக்கடலில் இருட்டில் வளர்கிற கரும்பவளம் இங்கே பத்து மீட்டரிலேயே இருக்கிறதாம். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த உங்களுக்கு, ஒரு கடலே சாயம் இறங்கிக் கிடப்பதைக் காட்டவேண்டும் போல இருந்தது.

படகில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்து "அங்கே பார், இங்கே பார்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் திரும்பி, "அப்பாயி, அங்க பாருங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெரியவருடைய அக்கா நான் காட்டின பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள். என் முகத்தில் மழைத்தண்ணீர் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்கள்.

எதைப் பார்த்தாலும் இப்படித்தான் ஆகிறது. இங்கே நிலா கூடத் திரும்பிக் கிடக்கிறது, வடை சுடுகிற பாட்டி தலைகீழாக இருக்கிறாள். அதை முதல் நாள் பார்த்து ரோட்டில் நின்றுவிட்டேன். சொல்ல யாரும் இல்லாமல் அறைக்கு வந்து படுத்தேன். உங்களுக்கு அப்போது மத்தியானம் ரெண்டரை, கொழுந்து எடை போடுகிற நேரம். போன ஐப்பசியில் மேட்டில் ஒரு மஞ்சள் பூ. ஊட்டிப் பக்கம் வேலியோரம் மண்டிக் கிடக்குமே, கையைக் கிழிக்கிற முள்ளுச்செடி, அதேதான். வெள்ளைக்காரர் அங்கேயும் இங்கேயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இப்போது ரெண்டு ஊரும் வெட்ட முடியாமல் அல்லாடுகிறது. பூவைக் கசக்கினால் தேங்காய் வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு பூவைப் பறித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சரி, அது போகட்டும்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை அம்மா. உருளைக்கிழங்கு, கேரட், கோஸ், பீன்ஸ் எல்லாம் நம் ஊரில் விளைகிற மாதிரியேதான். வர்க்கிதான் கிடைக்காது. குளிருக்குப் பயப்படாதே, கோத்தகிரிக்காரிக்குக் குளிர் புதுசா? ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கிறது, அதனால் அப்பாயி கொடுத்த கம்பளியே போதும். அறையை மாற்றிக்கொண்டேன். சின்னது, சுத்தம் செய்யச் சுலபம். முதியோர் இல்லத்தில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை தருகிறார்கள், உடம்புக்கு நல்ல ஓய்வு. இந்த மாசம் அனுப்பினது கொஞ்சம் கம்மியாக இருக்கும். அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன், தம்பியிடம் ஒன்றும் கேட்கவேண்டாம் என்று சொல்.

தம்பி, இது உனக்கு. கடைகால் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். நம் பக்கம் ஐப்பசி மழை சும்மா விடாது, அதற்கு முன்னால் சுவர் எழும்பிக் கூரை ஏறிவிடவேண்டும். கான்கிரீட் போடக் காசு பத்தாவிட்டால் இப்போதைக்கு ஷீட் போடு, லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது ஒண்டிக்கொள்ள இடம் இருந்தால் போதும். மூன்று சென்ட்டும் அம்மா பேரில்தான் இருக்கவேண்டும், சித்தப்பா என்ன சொன்னாலும் மாற்றாதே. மகளிர் குழுவில் இன்னொரு கடன் வேண்டாம். என் ரெண்டு வளையலும் பீரோவில் இருக்கிறது, வைத்து வாங்கிக்கொள், நான் வந்து மீட்டுக்கொள்கிறேன்.

அப்பாயி, கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பாப்பா பென்சிலால் ரெண்டு வரி எழுதியிருக்கிறாள். "இது அப்பாயி சொல்லல, நான் எழுதுறேன். வாசலில் நின்னா ரங்கசாமி மலை தெரியலையாம். மூடுபனின்னு சொல்றாங்க. மூடுபனி இல்ல அத்தை." அவளைத் திட்டாதீர்கள். கண்புரை முற்றுவதற்கு முன்னால் எடுத்துவிடவேண்டும். கத்தி என்று பயப்படாதீர்கள், மரத்துப்போக மருந்து விடுவார்கள், அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் பார்க்கிற இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்கள் ரெண்டு கண்ணும் செய்துகொண்டு பேப்பர் படிக்கிறார்கள். தம்பி, இந்த மாசமே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போ. சுவர் ஒரு மாசம் நின்றாலும் பரவாயில்லை. இதில் நீ என் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும்.

கூட மூன்று படம் வைத்திருக்கிறேன். ஏரி ஒன்று, அவொராக்கி ஒன்று, மில்ஃபோர்டு ஒன்று. பாப்பா, முதல் ரெண்டையும் வெயிலில் வைத்து அப்பாயிக்கு நிதானமாகக் காட்டு. தேத்தண்ணி நிறத்தில் கடல் இருக்கிறதே, அந்த மூன்றாவது படத்தை எடுத்து வைத்திரு. கண்கட்டுப் பிரித்த அன்றைக்குக் கொடு.

இப்படிக்கு,
உங்கள் பெரியவள்