பாக்தாத் கிளம்பும் தம்பிகளுக்கும் வீட்டாருக்கும்

வணக்கம் உறவுகளே. மேலூரிலிருந்து நம் குழுத் தம்பிகள் இரண்டு பேர் அடுத்த மாதம் பாக்தாத் போகிறார்கள். அங்கே நாலு வருஷம் ஜெனரேட்டர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். என்னிடமும் அப்படித்தான் அளந்தார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசுக் காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2 வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். போய் இறங்கியதும் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், ஆபத்து என்றால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை. என் கட்டில் கால்மாட்டில் எப்போதும் ஒன்று இருக்கும்: பாஸ்போர்ட் கலர் நகல், சில்லறை டாலர், சார்ஜர், பேரீச்சம்பழம், ஷூ. செருப்போடு ஓட முடியாது, ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டேன். சோதனைச் சாவடியில் போனை வெளியே எடுக்கவே கூடாது.

வீட்டார் கவனத்துக்கு: டிவியில் குண்டுவெடிப்பு என்று ஓடியதும் பத்துப் பேரும் கூப்பிடாதீர்கள். ஒருவர் போதும். 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை வந்தால் சரி. நமக்கு இரவு 9 என்றால் அங்கே மாலை 6:30. கம்பெனி முகவரி, கேம்ப் இருக்கும் இடம் இரண்டையும் எழுதி வாங்கி வையுங்கள். 2014-இல் ஈராக்கின் மொசூல் நகரில் கடத்தப்பட்ட 39 இந்தியர்கள் இறந்தது 2018-இல்தான் உறுதியானது.

ஞாயிறு காலை 10 மணி, மாட்டுத்தாவணியில் வழக்கமான டீக்கடை. ஒப்பந்தத் தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள், படித்துப் பார்ப்போம்.