லேபிளைத் திருத்தாதே

கயல்,

நீ அனுப்பிய ஹெர்பேரியம் (காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் காப்பகம்) தாளின் படத்தை நேற்று ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமைக்காவைத் தவிர வேறெந்தக் காட்டிலும் வளராத ஆர்க்கிட், ரத்தச் சிவப்பாகப் பூப்பதால்தான் புரோட்டோனியா சாங்குவினியா என்றே பெயர், தாளில் பார்த்தால் பூ பழைய டீக்கறை மாதிரி இருக்கிறது. ஆனால் மூலையில் யாரோ பென்சிலால் 'பூ கருஞ்சிவப்பு, கடலோரப் பாறை' என்று எழுதியிருக்கிறார் பார், அந்த வரியை விட்டுவிடாதே. இந்த இனத்தில் அபூர்வமாக மஞ்சளும் வெள்ளையும் உண்டு, காய்ந்த பிறகு எது எந்த நிறமென்று அந்த வரிதான் சொல்லும்.

'செயின்ட் தாமஸ்' என்று மட்டும் இருந்த தாளை வர்ஜின் தீவுகளில் சேர்த்ததாக எழுதியிருந்தாய். அங்கே அந்தப் பெயரில் ஒரு தீவு இருப்பது உண்மைதான், ஆனால் ஜமைக்காவின் 14 பாரிஷ்களில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றுக்கும் அதே பெயர். இப்படியே விட்டால் வரைபடத்தில் செடி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். லேபிளில் இருப்பதை எழுத்து மாறாமல் ஒரு கட்டத்தில் எழுது, உன் ஊகத்தைக் குறிப்பில் தனியாக வை. நானே ஒருமுறை ஓர் ஊர்ப் பெயரைத் தப்பென்று நினைத்துப் பதிவேட்டில் திருத்திவிட்டேன். அதை நம்பிச் செடி தேடிப் போனவர்கள் வேறு மலையில் இரண்டு நாள் அலைந்தார்கள். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம், பழைய தாள்களில் 'இண்டியா ஆக்சிடென்டாலிஸ்' என்று லத்தீனில் இருந்தால் அது மேற்கிந்தியத் தீவுகள், நம் நாட்டுக் கணக்கில் போய்விடக் கூடாது. எபிடென்ட்ரம் சாங்குவினியம் என்றிருந்தாலும் இதே செடிதான். 1788-ல் ஸ்வார்ட்ஸ் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது, 1813-ல் ராபர்ட் பிரவுன் என்ற இன்னொரு தாவரவியலாளர்தான் புரோட்டோனியாவுக்கு மாற்றினார்.

ஒரே ஆள், ஒரே தேதி, ஒரே எண் என்று மூன்று ஹெர்பேரியங்களிலிருந்து மூன்று பதிவு வந்தால் மூன்று இடம் என்று எண்ணிவிடாதே, ஒரே சேகரிப்பைப் பிரித்து அனுப்பியிருப்பார்கள்.

துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போடாதே கண்ணு, பாரிஷ் பெயரோடு நிறுத்து. செடியைப் பிடுங்கி விற்கிறவனும் இந்தப் பதிவுகளைத்தான் படிக்கிறான்.

கையெழுத்து புரியாத தாள்களை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து படிக்கலாம்.

அப்பா