ஜாவா வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் ஜாவா என்ற புரோகிராமிங் மொழியை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. ஜாவாவில் தகவலையும் அதைக் கையாளும் மெத்தட் என்ற செயல்களையும் சேர்த்து எழுதும் தொகுப்பு கிளாஸ்; அதில் தகவல் இருக்கும் இடம் ஃபீல்டு; அதை பிரைவேட் என்று போட்டால் அந்த கிளாஸுக்கு வெளியே எழுதும் கோட் நேரடியாகத் தொட முடியாது. "ஒரு ஃபீல்டை எதற்காக பிரைவேட் என்று போடுகிறோம்?" என்று கேட்டால், எந்த ஊர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "டேட்டா செக்யூரிட்டிக்கு சார்." அந்தப் பதிலைத் தயவுசெய்து மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

செக்யூரிட்டி என்றால் யாரிடமிருந்து? நாம் எழுதும் சாதாரண கிளாஸில் உள்ள பிரைவேட் ஃபீல்டை, ரிஃப்ளெக்‌ஷன் (புரோகிராம் ஓடும்போதே கிளாஸின் உள்ளே பார்க்க ஜாவா தரும் வசதி) வழியாக செட்அக்சஸிபிள் என்று ஒரு வரி போட்டு வெளியிலிருந்தே படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். பைத்தானில் இரண்டு அடிக்கோடு போட்டால் அந்தப் பெயருக்கு முன்னால் கிளாஸின் பெயர் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். டைப்ஸ்கிரிப்டின் பிரைவேட் கம்பைல் ஆனதும் காணாமலே போய்விடும். இதை நம்பிக் கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துவிட்டதாக ஒரு மாணவர் நினைத்தால் அது ஆபத்து.

பிரைவேட் போடுவது நம்மோடு சேர்ந்து கோட் எழுதுகிறவர்களை மனதில் வைத்துத்தான். கிளாஸின் உள்ளே இருப்பதை அவர்கள் நேரடியாகத் தொட்டு எழுதிவிட்டால், பிறகு அதில் கை வைக்கவே நமக்குப் பயமாகிவிடும். இதற்கு, எழுத்துகளை வைக்கும் ஜாவாவின் ஸ்ட்ரிங் கிளாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜாவா 8 வரை அதன் உள்ளே இருந்தது ஒரு கேரக்டர் அரே (எழுத்துகளின் வரிசை), எழுத்துக்கு இரண்டு பைட். 2017-இல் வந்த ஜாவா 9-இல் அதைத் தூக்கிவிட்டு பைட் அரே வைத்தார்கள், ஆங்கிலம் மாதிரியான லத்தீன் எழுத்துகளுக்கு ஒரு பைட் போதும் என்றானது (நம் தமிழுக்கு அதே இரண்டு பைட்தான்). உலகமே பயன்படுத்தும் கிளாஸின் உள்ளமைப்பையே மாற்றியும் சாதாரண புரோகிராம்களில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த அரே பிரைவேட். பல பொருள்களை வரிசையாக வைக்கும் வெக்டர் கிளாஸைப் பாருங்கள், முதல் பதிப்பிலிருந்தே அதன் அரேயை புரொடெக்டட் (அந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது விரிவாக்கி, எழுதுகிறவர்களும் தொடலாம்) என்று வெளியே காட்டிவிட்டார்கள், எக்ஸ்டெண்ட் செய்தவர்கள் அதைத் தொட்டு எழுதியிருக்கக்கூடும் என்பதால் இன்றைக்கும் அப்படியேதான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் இந்த கெட்டர், செட்டர், அதாவது ஃபீல்டைப் படிக்கவும் மாற்றவும் எழுதும் மெத்தட்கள். வங்கிக் கணக்கு கிளாஸ் எழுதச் சொன்னால் பேலன்ஸை பிரைவேட் என்று போட்டு, கையோடு செட்பேலன்ஸ் என்று ஒரு பப்ளிக் மெத்தடும் எழுதிவிடுகிறார்கள். அதில் மைனஸ் ஐயாயிரத்தை அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறது! ஃபீல்டைப் பப்ளிக்காகவே விட்டிருந்தால் இதைவிட என்ன கெட்டிருக்கும்? டெபாசிட், வித்ட்ரா இரண்டு மட்டும் வெளியே இருக்கட்டும், தொகை சரிதானா என்று அவை பார்த்துக்கொள்ளட்டும். செட்டர் எழுதும் முன் "இது யாருக்கு வேண்டும்?" என்று கேட்கும் பழக்கம் வகுப்பில்தான் வர வேண்டும்.

எங்கிருந்து எதைத் தொடலாம் என்று கரும்பலகையில் போடும் அந்த டிக், இன்டு அட்டவணையைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரே கிளாஸிலிருந்து உருவான ஓர் ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்ட்டின் பிரைவேட் ஃபீல்டைப் படிக்கலாம், இரண்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடில் அதைத்தான் செய்கிறோம் என்றால் திகைக்கிறார்கள். ஜாவாவின் புரொடெக்டட் அதே பேக்கேஜில் (கிளாஸ்களின் குழுவில்) உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சி பிளஸ் பிளஸில் அப்படி இல்லை என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

என் வேண்டுகோள், லேபில் ஒரே ஒரு பயிற்சி. ஒரு மாணவர் கணக்கு கிளாஸை எழுதட்டும், பேலன்ஸை ரூபாயாக டபுளில் (புள்ளி வைத்த எண்களுக்கான வகை) வைத்து. மற்றவர்கள் அதைப் பயன்படுத்தி ஆளுக்கொரு புரோகிராம் எழுதட்டும். அடுத்த வாரம் அந்த மாணவரிடம், டபுளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, அதனால் பைசாவாக லாங்கில் (முழு எண்களுக்கான வகை) மாற்று என்று சொல்லுங்கள். யாருடைய கோட் உடைகிறது, யாருடையது உடையவில்லை, ஏன் என்று வகுப்பே பேசட்டும். அந்த விவாதத்துக்கு ஒரு முழு லேப் நேரத்தை ஒதுக்குங்கள், ரெக்கார்டு நோட்டில் எழுதுவதை அன்றைக்கு விட்டுவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒருவர்