கலங்கிய வட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. "தட்டு முழுக்கக் கலங்கலாத்தான் வருதுப்பா, எங்கேயோ தப்பு பண்றேன்" என்றாய். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. இயற்பியல் படித்துவிட்டு உயிரியல் பக்கம் வந்தவள் நீ. முப்பது வருடம் இதையே பாடம் நடத்தியவன் சொல்கிறேன், கேள்.

பாக்டீரியா பரப்பிய தட்டில், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லாம்டா ஃபேஜைப் போட்டால், பாக்டீரியா சாகிற இடத்தில் தெரியும் வட்டம் கலங்கலாகத்தான் வரும். நீ சரியாகத்தான் செய்திருக்கிறாய். உள்ளே நுழைகிற லாம்டா எல்லாமே பாக்டீரியாவைக் கொன்றுவிடுவதில்லை. சில, தன் டி.என்.ஏ.வை வளையமாக்கிக்கொண்டு, பாக்டீரியா குரோமோசோமில் கேல், பயோ மரபணுக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். இரண்டு டி.என்.ஏ.விலும் பொதுவாக உள்ள 15 எழுத்துகளுக்குள் வெட்டி ஒட்டுவது இன்டகிரேஸ் என்ற லாம்டாவின் நொதி. அதன்பின் சி-ஒன் என்ற ரெப்ரஸர் புரதம், கொல்லும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. தன்னுடைய மரபணுவை மட்டும் தானே தூண்டிக்கொள்கிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். வெளியிலிருந்து இன்னொரு லாம்டா வந்தாலும் அதன் வாயையும் அடைத்துவிடும். அப்படிப் பிழைத்த பாக்டீரியாதான் உன் வட்டத்தின் நடுவில் வளர்ந்து கிடக்கிறது.

ஈ. கோலை பாக்டீரியாவின் கே-12 வகை, 1922-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. அதற்குள் லாம்டா இருப்பது கிட்டத்தட்ட 30 வருடம் யாருக்கும் தெரியாது. விஸ்கான்சினில் எஸ்தர் லெடர்பெர்க், புற ஊதா ஒளியில் பிழைத்த ஒரு கே-12 வகையை மூல வகையோடு கலந்து வளர்த்தபோது, காலனிகள் எலி கொறித்த மாதிரி இருந்தன. அவர் அந்தத் தட்டைக் கழுவிப் போடவில்லை. 1951-ல் லாம்டாவைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அவருக்கு நோபல் கிடைக்காதது எனக்குத் தீராத வருத்தம்.

நீயும் கழுவிவிடாதே. கலங்கலின் நடுவில் தொட்டுப் புதுத் தட்டில் கோடு இழு. தனிக் காலனி வந்ததும் அதன்மேல் லாம்டாவை விட்டுப் பார், சாகாது. சரி, அதையே பிராத்தில் (திரவ ஊட்டத்தில்) வளர்த்துக் கொஞ்சம் புற ஊதா காட்டு (கண்ணாடி போட்டுக்கொள்). டி.என்.ஏ. அடிபட்டதும் பாக்டீரியாவின் ரெக்-ஏ புரதம் தூண்டிவிட, சி-ஒன் தன்னையே வெட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருந்த லாம்டா குரோமோசோமிலிருந்து கழன்று பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில், கலங்கியிருந்த பிராத் உன் கண் முன்னே தெளியும்.

தெளிந்ததும் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா