‘இல்லை’ என்று திரும்பி வந்த சீட்டு

எங்கள் பகுதிக் கிளை நூலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர் அறை மேசையில் இருந்த தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் தாள் கிழிகிறது என்று பீரோவுக்குள் பூட்டப்பட்ட கதை தாங்கள் அறிந்ததே. ஞாயிறுதோறும் பொன்னியின் செல்வனை வைத்துச் சொல் பயிலும் காசிமேட்டு மாணவர்களுக்காகக் கேட்கிறோம்: அகராதியை மேசைக்குத் திருப்பித் தாருங்கள்.

‘சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்’ என்றீர்கள். போன வாரம் ‘வேளக்காரர்’ என்று எழுதிய சீட்டு ‘இல்லை’ என்று திரும்பியது. எப்படி இருக்கும்? நாவலில் வேளக்காரப் படை. கல்வெட்டுகளில் அதே படை ‘வேளைக்காரர்’. ‘ள’வை அடுத்து ஐகாரம் சேர்த்துத் தேட வேண்டும். பக்கத்தைப் புரட்டுகிற விரலுக்குத்தான் அது அகப்படும். விட்டால் பிள்ளைகள் ‘வேலைக்காரர்’ என்று எழுதிக்கொள்வார்கள். அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சபதம் செய்த வீரன் சமையல்கட்டுக்குப் போய்விடுவான்.

முதல் அத்தியாயத்திலேயே வீரநாராயண ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய். காசிமேட்டில் கணவாய் என்றால் கூடையில் கிடக்கும் மீன். பாடப் புத்தகத்தில் கைபர் கணவாய். இரண்டும் ஏரிக்கரைக்கு ஒவ்வாது. தண்ணீர் பாய்வதைப் பார்த்து மதகு என்று முதலில் ஊகிக்க வேண்டும். ஊகத்தைச் சொல் வந்த முழு வாக்கியத்தோடு நோட்டில் எழுதிய பிறகே அகராதி. முதலிலேயே பொருளைப் பார்த்தால் மறுநாள் மறந்துவிடும். பத்துப் பக்கத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் குறித்தால் கதை அறுந்துவிடும். ‘மரக்கலத்திலிருந்து’ என்றே தேடினால் கிடைக்காது. உருபைக் கழித்து ‘மரக்கலம்’ என்று பார்க்க வேண்டும். இத்தனையும் சீட்டில் நடக்குமா?

தாள் கிழிகிறது என்பது உண்மைதான். தடித்த தொகுதியை ஒரு கையால் தூக்கினால் முதுகுத் தையல் விடும். மேசையோடு சாய்வுப் பலகை ஒன்று போதும், பூட்டு வேண்டாம். குரூப் 4 தேர்வு வழிகாட்டிகள் இரண்டு அலமாரி நிறையத் திறந்தே கிடக்கின்றன. அவை கிழிவதில்லை போலும். வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தேர்வு போதும், தமிழ் எதற்கு என்று யாராவது முடிவு செய்திருந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதித் தரலாம்.

மன்னிக்கவும், வந்தது சண்டைக்கு அல்ல. ஞாயிறு காலை 10 முதல் 12 வரையாவது அகராதியை மேசையில் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எடுத்து வைக்கவும் திரும்ப அடுக்கவும் நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு வாசகர்கள், காசிமேடு