விடை சரி, காரணம் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணப் பயிற்சியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'நெய்தர் த பில்லர்ஸ் நார் த டோர் ____ பீன் பாலிஷ்டு வென் த கெஸ்ட்ஸ் அரைவ்டு' என்று கேட்டு, 'ஹேட்' என்று விடை போட்டிருந்தீர்கள். விடை சரி. ஆனால் 'நார்'-க்கு அடுத்து வரும் 'டோர்' ஒருமை, அதனால் 'ஹேட்' என்று காரணம் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

நான் காரைக்குடியில் வீட்டில் டியூஷன் எடுப்பவள். அதை மனப்பாடம் செய்துவிட்டு வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம், டோரை முன்னாலும் பில்லர்ஸைப் பின்னாலும் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை, 'ஹேவ் பீன்' என்று எழுதிவிட்டான். ஒருமைக்கு ஹேட் என்று சொல்லிக் கொடுத்தால் பன்மைக்கு வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே பிள்ளை நினைக்கும்?

பாஸ்ட் பெர்ஃபெக்ட் பேசிவில், அதாவது கடந்த காலத்திலும் முந்தி நடந்ததைச் சொல்லும் செயப்பாட்டுவினையில், 'ஹேட் பீன்' யாருக்காகவும் மாறாது. ஐ, ஹி, தே எல்லாவற்றுக்கும் அதேதான். போத்-அண்ட், ஐதர்-ஆர், நெய்தர்-நார், நாட் ஒன்லி-பட் ஆல்சோ என்று எந்த ஜோடி எழுவாய் வந்தாலும் அதேதான். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வினையைப் போடு என்ற விதிக்கு ஹேஸ்-ஹேவ், வாஸ்-வேர் மாதிரி ஒருமை பன்மைக்கு மாறும் வினை வரும் இடத்தில்தான் வேலை. 'நெய்தர் த கீ நார் த டாக்குமெண்ட்ஸ் ஹேவ் பீன் ஃபவுண்ட்', திருப்பிப் போட்டால் 'நெய்தர் த டாக்குமெண்ட்ஸ் நார் த கீ ஹேஸ் பீன் ஃபவுண்ட்'. இரண்டிலும் ஹேட் போட்டுப் பாருங்கள், அந்தத் தலைவலியே இல்லை.

ஹேட்டில் பார்க்க வேண்டியது காலம். கடந்த காலத்தில் இரண்டு காரியம் நடந்து, அதில் எது முந்தியது என்று சொல்லத்தான் அது. எங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன்: 1942-ல் ஜப்பான் படை பர்மாவின் ரங்கூனைப் பிடித்தது. கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பலவற்றுக்குத் தேக்கும் மார்பிளும் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து இறங்கியாச்சு. அதனால் 'போத் த பர்மா டீக் அண்ட் த இட்டாலியன் மார்பிள் ஹேட் பீன் ப்ராட் லாங் பிஃபோர் ஜப்பான் டுக் ரங்கூன்'. ரங்கூன் பேச்சே வராமல், மரமும் கல்லும் வந்ததை மட்டும் சொல்வதென்றால் 'வேர் ப்ராட்' போதும். பயிற்சியில் இதைக் கேட்கலாமே, யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பள்ளம், போத்-தோடு நாட் சேர்வது. இங்கே பல வீடுகள் முன் வாசல் ஒரு தெருவிலும் பின் வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும், சொந்தக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் 'போத் த டோர்ஸ் ஹேட் நாட் பீன் லாக்டு' என்று மெயில் அனுப்பினால் சிங்கப்பூரில் இருப்பவருக்கு என்ன புரியும், ஒரு கதவா இரண்டுமா? 'நெய்தர் த ஃப்ரண்ட் டோர் நார் த பேக் டோர் ஹேட் பீன் லாக்டு' என்றால் சந்தேகமே இல்லை, ஆளை அனுப்பிவிடுவார்.

அப்புறம், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும்போது ஜோடி பின்னால் போய்விடும். 'நெய்தர் த குக் நார் த வாட்ச்மேன் ஹேட் லாக்டு த கேட்' என்பதைப் பல கைடுகள் 'த கேட் ஹேட் பீன் லாக்டு பை நெய்தர் த குக் நார் த வாட்ச்மேன்' என்று மாற்றச் சொல்கின்றன. தப்பில்லை, ஆனால் காதுக்கு முரடு. 'த கேட் ஹேட் நாட் பீன் லாக்டு பை ஐதர் த குக் ஆர் த வாட்ச்மேன்' என்பதுதான் இயல்பு, அதற்கும் மார்க் போடலாம்.

அடுத்த செவ்வாயன்று விடையை அப்படியே விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் திருத்திப் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், பரீட்சை நெருங்குகிறது.

— ஒரு டியூஷன் ஆசிரியை, காரைக்குடி