செவித்திறன் பரிசோதனை அறை அமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சோமனூர், காரணம்பேட்டை, பல்லடம் வட்டாரத்துத் தறிக்குடோன்களில் வேலை செய்வோருக்குக் காது மந்தமானால், வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நாற்பது வயதில் ஒருவர் "சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்கல" என்றால் அதற்கு முதுமை காரணமாகாது. நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது தொழில்நல மருத்துவத்தில் பலரும் பின்பற்றும் வரம்பு. 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைவதால், 94 டெசிபலில் ஒரு மணி நேரமே மிஞ்சுகிறது. நம் தறிக்காரர்களின் ஷிப்டோ பெரும்பாலும் 12 மணி நேரம். ஓசையால் உட்செவியில் அழிந்த, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் திரும்ப வளர்வதில்லை. அவற்றை மீட்டுத் தரும் மருந்தும் இல்லை.

இவ்விழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கூரிய ஒலிகளில் தொடங்குவதால், பேச்சு விளங்காமற்போகும் முன்னரே பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் ஹெட்போன் மாட்டி, காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியை அளக்கும் இச்சோதனைக்கு அமைதி வேண்டும். சுற்றிலும் தறி ஓடும் ஊரில் பள்ளி வகுப்பறையில் முகாம் நடத்தினால், வெளியோசை அம்மெல்லொலியை மூடி, நல்ல காதையும் பழுதென்று காட்டிவிடும். கோவைக்கோ திருப்பூருக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால் பலர் போவதேயில்லை.

ஆகவே ஊர்ப் பொதுக் கட்டடத்தின் பின்னறையை, சுவர்களில் ஓசையை உறிஞ்சும் ராக்வூல் அடைத்து, இரட்டைக் கதவிட்டு, காற்று வரும் வழியிலும் ஓசை நுழையாதபடி ஒலிபுகா அறையாக மாற்ற எங்கள் குழு முடிவு செய்துள்ளது. செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டர் கருவி வாங்குவதற்கும், ஆண்டுதோறும் அதன் அளவைச் சரிபார்ப்பதற்கும், வாரத்தில் இரு நாள் வரும் செவித்திறன் வல்லுநரின் ஊதியத்திற்கும் பணம் வேண்டும். காதொலிக் கருவி வாங்க இந்நிதியைச் செலவிடப் போவதில்லை. தகுதியுடையோருக்கு அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விலையின்றி வழங்குகிறது, விண்ணப்பிக்க நாங்கள் துணை நிற்போம்.

பரிசோதனைக்கு வருவோருக்குக் காதடைப்பான் கொடுத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து அதைச் செருகும் முறையையும் கற்றுத் தருவோம். கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொள்வது ஓசையைப் போதிய அளவு தடுப்பதில்லை. (கொண்டை ஊசியால் குடைவதையும், சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருப்பது வேறு கதை.)

தறி உரிமையாளர்கள் தறி ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்றவர்கள் இயன்றதை அளிக்கலாம். கதவு, மின்கம்பி, கொத்து வேலை என உழைப்பாகவோ பொருளாகவோ தருவதையும் நன்றியுடன் ஏற்போம். பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் ஊர்ப் பொதுக் கட்டட அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
செவித்திறன் பரிசோதனை அறை அமைப்புக் குழுவினர்